மறுக்கப்பட வேண்டிய நாற்பது கார்டுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மன்னார்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் சென்டர் என்றதும் கண்ணாடிக் கதவும் வரிசையாகத் திரைகளும் மனதில் வரும். எங்களுடையது ஒரு மாடி, கீழே டயர் கடை. மேலே, பம்பாயில் யாரோ பயன்படுத்திக் கழித்துவிட்ட ஒரு பெரிய மிஷின். ஏ.சி. அதற்கு மட்டும்தான், எங்களுக்கு மின்விசிறி. கெட்டி அட்டைகளில் துளை போட்டு அதற்குக் கொடுப்போம். அது படித்துவிட்டு அகலமான தாளில் அச்சடித்துத் தரும். அந்த அட்டையைக் கார்டு என்போம்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கார்டில் துளை போடுகிற பெண்ணாகச் சேர்ந்து, மூன்று வருடத்தில் புரோகிராம் எழுதுகிறவளாக ஆகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது, 'இந்தப் பொண்ணு கம்ப்யூட்டருக்கே பாடம் சொல்லுது' என்று யாராவது அம்மாவிடம் சொல்வார்கள். நான் காது கேட்காதவள்போல் நிற்பேன். அப்போது எனக்குத் திமிர் அதிகம்.

எங்களுக்கு வந்த வேலைகளில் ஒன்று, தையல் ஆசிரியைகளுக்கான டிப்ளமோ தேர்வின் முடிவுகளைத் தயாரிப்பது. தேர்வை நடத்திய குழுவின் பெயர் வேண்டாம். எழுதிய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கார்டு. அதில் அவளுடைய தேர்வு எண், எந்த மையத்தில் எழுதினாள் என்பதற்கான எண், எழுத்துத் தேர்வின் மதிப்பெண், செய்முறைத் தேர்வின் மதிப்பெண். செய்முறை என்றால் தேர்வாளர் முன்னால் துணி வெட்டித் தைத்துக் காட்டுவது. அந்த மதிப்பெண் மட்டும் ஒவ்வொரு மையத்திலிருந்தும் தனித் தாளாகத் தபாலில் வரும். வராவிட்டால் கார்டில் அந்த இடம் காலியாக இருக்கும்.

குழு எங்களுக்குச் சொல்லியிருந்த விதி தெளிவானது. தேர்வுக்கே வராதவளுக்கு ஓர் அடையாளம் போட வேண்டும். பூஜ்யம் வாங்கியவளுக்குப் பூஜ்யம் போட வேண்டும். இடம் காலியாக இருந்தால் அந்தக் கார்டை மிஷின் மறுத்துத் தனியே எடுத்து வைக்க வேண்டும். தாள் வந்து சேரும்வரை அவளைப் பற்றி எந்த முடிவும் சொல்லக் கூடாது.

அந்தச் சோதனையை எழுதியது நான். எங்கள் மிஷின், காலி இடத்தை எண்ணாக எடுத்துக்கொண்டால் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளும். நான் செய்த மடத்தனம் என்னவென்றால், முதலில் எண்ணாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு 'காலியா?' என்று பார்க்கச் சொன்னேன். அதற்குள் அது பூஜ்யமாகியிருக்கும். பூஜ்யம் காலி இல்லையே. ஆக, அந்தச் சோதனை யாரையும் எந்தக் காலத்திலும் நிறுத்தப் போவதில்லை.

இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிப்பதற்கென்றே எங்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். நிஜமான கார்டுகளை ஓட்டுவதற்கு முன் இரண்டு கட்டுகளை ஓட்டிப் பார்ப்போம். பச்சை ரப்பர் பேண்ட் போட்டது நல்ல கட்டு. அதில் உள்ள எல்லாவற்றையும் மிஷின் ஏற்க வேண்டும். சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டது கெட்ட கட்டு. அதில் நாற்பது கார்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறு. ஒன்றில் நூற்றுக்கு மேல் மதிப்பெண், ஒன்றில் தேர்வு எண்ணே இல்லை, இப்படி. நாற்பதையும் மிஷின் மறுக்க வேண்டும். பதினேழாவது கார்டு, செய்முறை மதிப்பெண் காலியாக உள்ள கார்டு.

கெட்ட கட்டை ஓட்டி முடித்ததும் எங்கள் மானேஜர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போவார்.

"நாப்பதும் போச்சாம்மா?"

"போச்சு சார்."

"அப்ப ஓட்டு."

பலகையில் 40/40 என்று எழுதி வட்டம் போடுவார். அதைப் பார்க்கும்போது எனக்கு, பள்ளியில் கணக்குத் தாள் திருப்பிக் கொடுக்கிற நாள் ஞாபகம் வரும். மறுக்கப்பட்ட ஒவ்வொரு கார்டுக்கும் எதிரே அதற்கான காரணத்தையும் மிஷின் அச்சடித்துத்தான் தந்தது. அதை யாரும் படிக்கவில்லை. எத்தனை வரி என்று எண்ணுவோம், கிழித்து ஃபைலில் போடுவோம். கெடுத்துக் கொடுத்த கார்டை மறுத்திருக்கிறது, பிறகென்ன என்பது எங்கள் நினைப்பு.

அந்த வருடம் மே மாதம் முடிவுகள் பத்திரிகையில் வந்தன. தேறியவர்களின் எண்கள் மட்டும் பொடி எழுத்தில் வரும். எண் இல்லையென்றால் பெயில், அவ்வளவுதான். விவரமான மதிப்பெண் தாள் பிறகு மையத்துக்குப் போகும். தேறியவர்கள் போய் வாங்குவார்கள். தேறாதவர்களில் பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

நவம்பரில் அடுத்த தேர்வு. அதற்கு முன்பே எல்லாவற்றையும் தயார் செய்யும்போது, கெட்ட கட்டின் கார்டுகள் ஓடி ஓடி ஓரம் நைந்து மிஷினில் சிக்கத் தொடங்கின. புதிதாகப் போட்டுவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் துளை போட்டேன். பதினேழாவதில் மைய எண் பழையது. அந்த மையத்தை எடுத்துவிட்டு வேறொன்றோடு சேர்த்து எவ்வளவோ காலமாயிற்று. நான்தான் முதலில் பழைய பட்டியலைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். சரி, இதையும் ஒழுங்கு பண்ணுவோம் என்று இப்போதுள்ள மைய எண்ணைப் போட்டேன். கட்டை ஓட்டினேன்.

முப்பத்தொன்பது வரிகள்தான் வந்தன.

துளை போட்டதில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் முப்பத்தொன்பது. பதினேழாவது கார்டை மிஷின் நல்ல கார்டு என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. ஃபைலைத் திறந்து மே மாதத்துத் தாளை எடுத்தேன். பதினேழாவது வரிக்கு எதிரே, நாங்கள் ஒரு நாளும் படிக்காத இடத்தில், காரணம் தெளிவாக இருந்தது: 'மைய எண் தவறு.' முதல் கோளாறைக் கண்டதுமே மிஷின் அந்தக் கார்டைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். செய்முறை மதிப்பெண்வரை அது வந்ததே இல்லை. அது மறுத்தது வேறொரு காரணத்துக்காக. நாங்கள் எங்கள் காரணத்துக்காகத்தான் மறுத்தது என்று நினைத்து வட்டம் போட்டிருந்தோம்.

மே மாதத்து நிஜக் கார்டுகளை எடுத்து, செய்முறை இடம் காலியாக இருப்பவற்றைக் கையாலேயே தேடினேன். ஒன்பது கார்டுகள். ஒன்பதும் ஸ்ரீரங்கத்தில் ஒரே மையம். அந்த மையத்தின் செய்முறைத் தாள் தபாலில் நான்கு நாள் தாமதமாக வந்திருந்தது. நிறுத்தி வைத்த கார்டுகளின் பட்டியல் வெறுமையாக இருந்ததால் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. தாள் ஃபைலில் பத்திரமாக இருந்தது. அதன் மூலையில் 'வந்தது' என்று எழுதி நான் கையெழுத்தும் போட்டிருந்தேன். ஒன்பது பெண்களின் மதிப்பெண்ணும் என் கைக்கு வந்து, என் கையாலேயே ஃபைலுக்குள் போயிருக்கிறது.

மானேஜர் நல்ல மனிதர், பயந்தவர். "சத்தம் போடாதம்மா, லெட்டர் போட்டுடலாம்" என்றார். குழுவுக்கு எழுதினார், திருத்திய முடிவுகளும் வந்தன. எட்டுப் பெண்கள் நவம்பரில் மறுபடி எழுத விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களுக்கு ஆள் அனுப்பி, எழுத வேண்டாம், தேறிவிட்டீர்கள் என்று சொல்லியாயிற்று. ஒருத்தி மட்டும் விண்ணப்பிக்கவில்லை. அவளுக்குப் போன பதிவுத் தபால், 'பெற மறுத்துவிட்டார்' என்று தபால்காரரின் குறிப்போடு திரும்பி வந்தது. ஆத்திரத்தில் மறுத்திருக்கிறாள், நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே கெட்ட கட்டைக் கலைத்தேன். ஒவ்வொரு கெட்ட கார்டுக்கும் முதலில் ஒரு நல்ல கார்டு போட்டேன். அதை மிஷின் ஏற்கிறதா என்று பார்த்தேன். ஏற்ற பிறகு, அதே கார்டைப் படியெடுத்து ஒரே ஓர் இடத்தை மட்டும் கெடுத்தேன். அதன் தலைமேல், என்ன காரணம் சொல்லி மறுக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதினேன். மறுத்திருந்தாலும் காரணம் வேறாக இருந்தால் கோட்டைவிட்டது என்றுதான் கணக்கு. இப்படிப் பார்த்ததில் இன்னும் மூன்று கார்டுகள் இத்தனை நாளும் தப்பான காரணத்துக்கு மறுக்கப்பட்டு வந்தது தெரிந்தது. நல்லவேளை, அந்த மூன்று சோதனைகளும் சரியாகவே எழுதப்பட்டிருந்தன. "எப்படியோ நாப்பதும் போகுதுல்ல, இன்னும் என்னம்மா?" என்றார் மானேஜர். அவர் முகத்தைப் பார்த்து எரிந்து விழுந்தேன். எனக்குச் சோறு போட்ட மனிதர் அவர்.

ஆனால் அந்த ஒன்பதாவது பெண் என்னை விடவில்லை. அவளுடைய தேர்வு எண் மனப்பாடமாகிவிட்டது. பஸ் டிக்கெட்டின் கடைசி மூன்று எண்களில் அது வந்துவிடுமோ என்று பயந்து டிக்கெட்டைப் பார்க்காமலே கசக்கிப் போடுவேன். ஜெபமாலை சொல்லும்போது மணிகளை எண்ண வேண்டிய இடத்தில் அந்த எண் வரும். முகம் தெரியாத ஒருத்தி என் பின்னாலேயே நின்று, நான் என்ன எழுதுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். ஒரு மாதம் தாங்கினேன். பிறகு அவளுடைய மதிப்பெண் தாளை மானேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன்.

வடக்கு வாசலுக்கு அப்பால் ஒரு சந்தில் வீடு. அவளுடைய அம்மா மட்டும் இருந்தார். அப்பாவுக்குச் சைக்கிள் கடை, கடைக்குப் போயிருந்தார். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா வாசல் கதவைச் சாத்தினார்.

"லெட்டர நாந்தாம்மா வேணாம்னு சொல்லிட்டேன். திரும்ப எழுதச் சொல்றாங்களோன்னு நெனச்சேன். அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்."

மறுத்தவள் அவள் இல்லை, காரணமும் நான் நினைத்தது இல்லை. ஒரு மாதத்துக்கு முன்தான் இந்தப் பாடத்தைப் படித்திருந்தேன், அதற்குள் மறந்துவிட்டேன்.

"திரும்ப எழுத வேணாம்மா. உங்க பொண்ணு அப்பவே பாஸ்" என்று தாளை நீட்டினேன்.

அந்த அம்மா தாளை வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மகளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், டிப்ளமோ தேறினால். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. திருவெள்ளறையில் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மனைவியை இழந்தவர், ஒரு குழந்தை, நிலபுலன் உண்டு. மகள் மாட்டேன் என்று நின்றாள். கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். தேறினால் வேலைக்குப் போகலாம், தேறாவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் கழுத்தை நீட்ட வேண்டும். அவளும் சரி என்று கையடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"பேப்பர்ல நம்பர் இல்ல. அவ அப்பா, எனக்குத் தெரியுமேன்னாரு. நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். ஏன் பெயிலுன்னு போய்க் கேக்கணும்னு எங்க யாருக்கும் தோணல. அவளும் ஒரு வார்த்த பேசல. ஆவணியில கல்யாணம் முடிஞ்சுது."

நான் எழுந்தேன். திருவெள்ளறையில் எந்தத் தெரு என்று கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதம்மா. அவ அங்க ஒரு மாதிரியா ஒட்டிக்கிட்டா. இப்பப் போயி இதச் சொல்லி என்னத்துக்கு?"

அந்த அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது நியாயம் என்ற பெயரில் ஒரு வெறி. அவளுக்கு உண்மை தெரிய வேண்டும், அது அவளுடைய உரிமை என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டேன். வாதம் சரிதான், இன்றைக்கும் அதில் குற்றம் காண முடியவில்லை. ஆனால் நான் புறப்பட்டதற்கு அது காரணம் இல்லை. அந்தத் தாளை என் கையிலிருந்து இறக்கி வைத்தால் போதும், என் பின்னால் நிற்கிறவள் போய்விடுவாள் என்ற ஆசைதான் காரணம்.

மறுநாள் பூசை முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் பிடித்துத் திருவெள்ளறையில் இறங்கி, ஆவணியில் ஸ்ரீரங்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண் என்று விசாரித்துப் போனேன். கோயிலைத் தாண்டி, வயலை ஒட்டிய ஓட்டு வீடு. அவள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். ஒல்லி, சிரித்த முகம். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் முதுகில் சாய்ந்து நின்றது. கணவர் வயலுக்குப் போயிருந்தார்.

"அம்மா அனுப்பிச்சாங்களா? வாங்கக்கா, உள்ள வாங்க" என்றாள்.

தண்ணீர் கொடுத்தாள். குழந்தையின் கவுனில் கழுத்துப் பட்டை அவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்திருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து, "கைத்தையல்தான். தையல் மிஷின் அம்மா வீட்லயே இருக்கு, அனுப்பல" என்றாள்.

தாளைக் கொடுத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், கார்டு, காலி இடம், பூஜ்யம், என் கையெழுத்து உட்பட. பாதிக்கு மேல் அவளுக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்தது. செய்முறை என்ற இடத்தில் விரலை வைத்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

"இல்லக்கா, இது வேற யாரோடதோ. நான் அன்னிக்கு ஜாக்கெட்டுக்குக் கைய மாத்தி வெச்சுட்டேன். எடது கைய வலது பக்கம். அப்புறம் பிரிச்சுத் திரும்பத் தெச்சேன். பரீட்சை வெக்க வந்த அந்தம்மா பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. அதனாலதான் போச்சுன்னு எனக்குத் தெரியும்."

"நம்பரப் பாரும்மா. உன்னோடதுதான்."

பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எதையோ கேட்டது, அவள் காதில் விழவில்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வேற ஸ்கூல்ல கேக்கலாம். நான் கூட வந்து சொல்றேன்" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் நான் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"இங்க வந்து மொத நாள்லேருந்து ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேங்க்கா. எனக்கு வரல, நான் செஞ்சது சரியில்ல, அதான் இங்க இருக்கேன்னு. அப்படிச் சொல்லிக்கிட்டா மனசு அடங்கிடும். ஒல வெக்கறப்போ சொல்லிக்குவேன், இந்தப் புள்ள ராவுல அழுதா அப்பச் சொல்லிக்குவேன்." குழந்தையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். "இனிமே என்னத்தச் சொல்லிக்கிறது?"

வயல் பக்கம் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. அவள் சட்டென்று தாளை என் கைப்பைக்குள் திணித்து, பையின் வாயை மூடினாள்.

"அவரு நல்லவருக்கா. அவருகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். பிறகு சத்தமாக, "அம்மா சௌக்கியமா இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போக வந்திருக்காங்க" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் வந்தார், கும்பிட்டார், மோர் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். நான் குடித்தேன். மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.